ஹெய்ட்டி அக்ரா: மலாங்காக் கிழங்கு விழுதுக்கு மாவு சேர்க்கலாமா?

பனிநகரவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மொன்றியலில் நான் வேலை செய்யும் இடத்தில் ஹெய்ட்டியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். சில வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் ஊறிய காகிதப் பையொன்றில் அக்ரா கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கிடுவார். விரல் நீளத்தில், வெளியே கருகும் தறுவாயிலான பழுப்பு நிறத்தில் மொறுமொறுவென்றும், உள்ளே மிருதுவாகவும் சற்றே இழுபடும் தன்மையோடும் இருக்கும் அந்தப் பொரியலைச் சாப்பிட்ட நாள் முதல் அதை வீட்டில் செய்துவிட வேண்டுமென்று முயன்றுவருகிறேன். மூன்று முறையும் தோற்றுப்போனேன்.

முதல் முறை கிழங்கைத் துருவியின் பெரிய கண்களில் துருவினேன். உருண்டை தாச்சியில் விழுந்ததும் நார்நாராகப் பிரிந்துபோனது. இரண்டாம் முறை மிக்ஸியில் அரைத்தேன். தண்ணீர் ஊற்றாமல் பிளேடு சுற்றவில்லை, ஊற்றியதும் கூழாகிவிட்டது. அதைக் கெட்டியாக்கக் கோதுமை மாவு சேர்த்ததில் கிடைத்தது பாண் (ரொட்டி) போன்ற ஒரு கனத்த பண்டம். மூன்றாம் முறை வேறு கடையில், மலாங்கா என்று எழுதி வைத்திருந்த கிழங்கை வாங்கினேன். பொரித்ததைக் கடித்த ஐந்தாவது நிமிடத்தில் வீட்டில் நால்வருக்கும் தொண்டை கமறத் தொடங்கியது.

அந்த அம்மையாரிடம் கேட்டால், "துருவு, அடி, பொரி" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார். என் தவறு எங்கே இருக்கிறதென்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெண்கலப்பானை எழுதியது:

அந்த அம்மையார் சொன்ன மூன்று சொற்களிலேயே எல்லாம் இருக்கிறது, நடுச்சொல்லை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் பன்னிரண்டு ஆண்டுகள் மயாமியில், ஹெய்ட்டி மக்கள் நிறைந்த வட்டாரத்துக்கு அருகில் குடியிருந்தேன். அடுத்த வீட்டுப் பாட்டியின் சமையலறையில் அக்ரா செய்வதைப் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன், என் கையாலும் செய்திருக்கிறேன்.

துருவுவதிலிருந்து தொடங்குகிறேன். பெட்டி போன்ற துருவியில் நான்கு பக்கங்கள் இருக்கும் அல்லவா? அதில் ஆணியால் குத்தியதுபோல் முள்முள்ளாக இருக்கும் மிகச் சிறிய கண்களில்தான் தேய்க்க வேண்டும். அது துருவுவது என்பதைவிட உரைப்பது என்றே சொல்லத்தக்கது. குழந்தைக்கு வசம்பு உரைப்போமே, அதேபோல். கிழங்கு இழையாக விழாமல் விழுதாக வழிய வேண்டும். கை வலிக்கும், அரைக் கிலோவுக்கு எனக்கு இருபது நிமிடம் பிடிக்கும். மிக்ஸியை நான் அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. தண்ணீர் விடாமல் அரைக்கக்கூடிய அகலமான இயந்திரம் இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேரக் கூடாது.

அடுத்து அடிப்பது. மலாங்காவை உரைத்ததும் அதில் ஒரு கொழகொழப்பு ஊறிவரும். அக்ராவைச் சேர்த்துப் பிடிப்பது அந்தக் கொழகொழப்புதான், மாவும் அல்ல, முட்டையும் அல்ல. விழுதை மரக்கரண்டியால் ஒரே திசையில் ஐந்து முதல் பத்து நிமிடம் அடித்தால் அது காற்றை உள்வாங்கிக்கொண்டு வெளுக்கும், சற்று உப்பும். உளுந்து மாவை வடைக்குக் கையால் அடிப்பவர்களுக்கு இந்தப் பதம் சொல்லாமலே விளங்கும். கரண்டியைக் கவிழ்த்தால் விழுது உடனே விழக் கூடாது, விழலாமா வேண்டாமா என்று தயங்கித் தொங்க வேண்டும். அந்தப் பாட்டி இதைக் கண்ணால் பார்ப்பதில்லை. பாத்திரத்தில் கரண்டி எழுப்பும் ஓசை மாறுவதைக் கேட்டு, "இப்போது சரி" என்பார்.

இனி அளவு. தோல் சீவிய மலாங்கா அரைக் கிலோவுக்கு நான்கு பல் பூண்டு, மூன்று தண்டு வெங்காயத்தாள், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, இரண்டு கிளை தைம் இலை, பாதி ஸ்காட்ச் பானட் மிளகாய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சையின் சாறு. உப்பையும் எலுமிச்சையையும் தவிர மற்றவற்றை அம்மியில் நசுக்கியதுபோல் அரைத்துக்கொள்ளுங்கள். ஹெய்ட்டிச் சமையலில் இப்படிப் பச்சையாக அரைத்த மசாலாவுக்கு எப்பிஸ் என்று பெயர், ஏறக்குறைய எல்லாக் குழம்பும் இறைச்சியும் அதில்தான் தொடங்கும். மிளகாயை அவர்கள் பிமான் பூக் என்கிறார்கள். நம் பச்சைமிளகாயைப் போல் நினைத்துக்கொண்டு மூன்று நான்கு போட்டுவிடாதீர்கள், அதன் காரம் வேறு தரத்தது.

தோட்டக்காரன் எழுதியது:

மூன்றாவது தோல்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது சமையல் குற்றமல்ல, கிழங்கின் குற்றம். உங்களுக்கு விற்கப்பட்டது மலாங்காவாக இருந்திருக்காது, பெரும்பாலும் ஏதோ ஒரு சேப்பங்கிழங்காக இருந்திருக்கும்.

இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. சேம்பு கொலகேசியா, ஆசியாவில் தோன்றியது. மலாங்கா சாந்தோசோமா, வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. செடியாக நிற்கும்போது பிரித்தறிவது மிக எளிது. சேம்பின் காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், சற்று உள்ளே தள்ளி, இலையின் முதுகில் ஒட்டியிருக்கும். மலாங்காவில் இலை இரண்டாகப் பிளக்கும் அந்தக் கவட்டிலேயே காம்பு வந்து சேரும். கடையில் இலை கிடைக்காது என்பதால் கிழங்கைப் பாருங்கள். மலாங்கா நீண்டு, மேடுபள்ளமாக இருக்கும். அதன் பழுப்புத் தோல் திட்டுத்திட்டாக உரிந்து, இடையிடையே உள்சதை தெரியும். நகத்தால் கீறினால் ஈரம் கசிய வேண்டும், சதை வெண்மையாகவோ மஞ்சள் கலந்தோ இளஞ்சிவப்பாகவோ இருக்கலாம். சேப்பங்கிழங்கு உருண்டையாக, வளையம் வளையமாகக் கோடுகளோடு இருக்கும்.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஹெய்ட்டியிலும் கியூபாவிலும் மலாங்கா என்பதைப் புவர்ட்டோ ரிக்கோக்காரரும் டொமினிக்கன் நாட்டவரும் யவுட்டியா என்பார்கள், டிரினிடாட்டில் டானியா. உங்கள் ஊரில் இவர்கள் அனைவருக்கும் ஒரே கடைக்காரர் விற்கிறார் என்றால் அட்டையில் எழுதியிருப்பதை நம்பிப் பயனில்லை.

தொண்டை கமறுவதற்குக் காரணம் இந்தக் குடும்பத்துத் தாவரங்கள் முழுவதிலும் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். மலாங்காவிலும் அவை உண்டு, ஆகவே அதைப் பச்சையாக நாவில் வைத்து உப்புச் சரிபார்க்கக் கூடாது. உப்புப் பார்க்க ஒன்றைப் பொரித்துத்தான் பார்க்க வேண்டும். சீவும்போது கையில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், கருணைக்கிழங்கு நறுக்குவதற்கு நம் வீடுகளில் செய்வதுதான்.

அடுப்பங்கரை எழுதியது:

திருநெல்வேலியில் நான் மலாங்காவுக்கு எங்கே போவேன்? சேப்பங்கிழங்கிலேயே செய்துபார்க்க வழி இருக்கிறதா? வேகவைத்து மசித்தால் காறல் போய்விடும் அல்லவா?

தோட்டக்காரன் எழுதியது:

வேகவைத்து மசித்தால் காறல் பெரும்பாலும் போகும். ஆனால் அதன் பிறகு நீங்கள் செய்வது வேறொரு பண்டம். வெந்த கிழங்கின் மாவுச்சத்து ஏற்கெனவே ஊதிவிட்டதால் பச்சை விழுதின் பிடிப்பு அதற்கு இராது. நல்ல கிழங்கு வடை கிடைக்கும், அதை அக்ரா என்று சொல்ல மாட்டேன்.

பச்சைச் சேம்பில்தான் செய்வேன் என்றால் காறாத வகை என்று உங்களுக்குத் திண்ணமாகத் தெரிந்த கிழங்கை மட்டும் எடுங்கள், மெல்லியதாகத் தட்டி, மிதமான சூட்டில் கூடுதல் நேரம் பொரியுங்கள். இன்னொரு வழி, நாகர்கோவில் பக்கம் உறவினர் இருந்தால் விசாரியுங்கள். கேரளத்துத் தோட்டங்களில் சீமைச்சேம்பு என்று வளர்ப்பது இந்தச் சாந்தோசோமாதான். 1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்யும் பயிர்களில் அதுவும் ஒன்று.

சொல்வேட்டை எழுதியது:

சமையலில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, ஆனால் பெயரைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. அக்ரா என்ற சொல் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியிலுள்ள அக்காராவிலிருந்து வந்தது. அங்கே அது கிழங்குப் பண்டமே அல்ல, காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து அடித்துப் பொரிக்கும் பயற்று வடை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு அந்தச் சொல் அட்லாண்டிக்கைக் கடந்தது. பிரேசிலின் பாஹியாவில் அது அகராஜே ஆகிச் செம்பனை எண்ணெயில் இன்றும் காராமணியாகவே பொரிகிறது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் உப்பிட்ட காட் மீனைக் கோதுமை மாவில் கரைத்துப் பொரிப்பதற்கு அதே பெயர் நின்றுவிட்டது. ஹெய்ட்டியில் பயறு இருந்த இடத்தில் மலாங்கா அமர்ந்துகொண்டது. ஆக, மூலப்பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மாறாமல் வந்தது அரைத்து, அடித்து, கரண்டியால் எடுத்துப் பொரிக்கும் செய்முறைதான்.

நம் அக்காரவடிசிலோடு யாரும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம் என்பதற்காகவும் எழுதுகிறேன். அந்த அக்காரம் சர்க்கரையைக் குறிப்பது, ஒலி ஒற்றுமை தற்செயல்.

உப்புச்சட்டி எழுதியது:

மாவு சேர்க்கக் கூடாது என்பதை வெண்கலப்பானை ஏதோ சட்டம்போல் எழுதியிருக்கிறார். நான் நியூயார்க்கில் சாப்பிட்ட அக்ராக்களில் மாவு இருந்தது, சிலவற்றில் முட்டையும் இருந்தது. பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி போட்டால் பத்து நிமிடம் கை வலிக்க அடிக்கவும் வேண்டாம். ஹெய்ட்டிக்காரர்களே போடும்போது நாம் ஏன் அவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும்?

வெண்கலப்பானை எழுதியது:

சட்டம் என்று நான் சொல்லவில்லை. ஹெய்ட்டிக்காரர்களிலும் மாவு சேர்ப்பவர்கள் உண்டு, சோடாவுப்பு ஒரு சிட்டிகை போடுபவர்களும் உண்டு. ஆனால் பனிநகரவாசி கேட்டது, இழுபடும் தன்மையோடு இருந்த அக்ரா தம் வீட்டில் ஏன் பாண்போல் ஆனது என்பதை. அதற்கு விடை மாவுதான். கிழங்கு விழுது நீர்த்துவிட்டதை மறைக்க மாவு போடும்போது, அந்த மாவின் பசையம் கிழங்கின் பிடிப்பை அமுக்கிவிட்டுத் தானே முன்னுக்கு வருகிறது. கிழங்கு நல்லதாக இருந்து, தண்ணீரும் சேராமல் இருந்தால் மாவுக்கு அங்கே வேலை இல்லை. கிழங்கு பழையதாகி விழுது தளர்ந்திருக்கிறது என்றால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சேருங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

மாவைக் கரைத்துப் பொரிக்கும் பண்டம் ஹெய்ட்டியில் தனியாகவே இருக்கிறது, அதற்கு மரினாத் என்று பெயர். தெருவோரத்தில் ஃப்ரிட்டாய் என்னும் பொரியல் தட்டு விற்பவர்களிடம் அக்ராவும் மரினாத்தும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், கூடவே இருமுறை பொரித்துத் தட்டையாக்கிய வாழைக்காயும், புளிப்பு ஆரஞ்சில் ஊறவைத்து வேகவைத்துப் பொரித்த பன்றி இறைச்சியும். ஒன்றைக் கேட்டு மற்றொன்றைக் கொடுத்தால் வாங்குபவர் சண்டைக்கு வருவார். நீங்கள் நியூயார்க்கில் சாப்பிட்டவற்றில் சில மரினாத்தாக இருந்திருக்கவும் கூடும்.

உப்புச்சட்டி எழுதியது:

நான் சாப்பிட்டது மலாங்காதான், உள்ளே சாம்பல் நிறமாக இருந்தது, அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனாலும் பசையம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பேக்கிங் பவுடரை மட்டும் நான் விடுவதாக இல்லை.

பனிநகரவாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. எண்ணெயைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. எனக்கு வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்ததும் உண்டு, எண்ணெய் குடித்துச் சொதசொதவென்று வந்ததும் உண்டு. கோவா (முட்டைக்கோஸ்) சம்பல் போன்ற, கண்ணில் நீர் வரவழைக்கும் ஊறுகாய் ஒன்றையும் அந்த அம்மையார் கூடவே கொண்டுவருவார், அதையும் அறிய விரும்புகிறேன்.

வெண்கலப்பானை எழுதியது:

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் எதிரெதிர் காரணத்தால் வருபவை. எண்ணெய் காயாமல் போட்டால் மேற்புறம் இறுகுவதற்கு முன்பே அக்ரா எண்ணெயைக் குடித்துவிடும். அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் மேற்புறம் கருகும், சூடு உள்ளே போய்ச் சேராது. வெப்பமானி இருந்தால் 175 முதல் 180 பாகை செல்சியசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மிளகளவு விழுதைப் போடுங்கள், அது அடிக்குப் போய் உடனே குமிழியிட்டு மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் பொறுங்கள், போட்ட கணமே சிவந்தால் அடுப்பைக் குறையுங்கள். ஒரே ஈட்டில் ஆறு ஏழுக்கு மேல் போட வேண்டாம், குளிர்ந்த விழுது நிறைய விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

வடிவத்தை வைத்தும் பாதிச் சிக்கல் தீரும். உருண்டையாகப் போட்டால் நடுப்பகுதி வேக நேரமெடுக்கும். ஒரு மேசைக்கரண்டி விழுதை எடுத்து, கரண்டியின் விளிம்பிலிருந்து இன்னொரு கரண்டியாலோ ஈரவிரலாலோ நீளவாக்கில் வழித்துத் தள்ளுங்கள். விரல்போல் நீண்டு, ஓரங்கள் பிசிறு பிசிறாக விழும். அந்தப் பிசிறுகள்தான் மொறுமொறுப்பு. வட்டமாக, அழகாக வந்த அக்ராவைப் பார்த்தால் அந்தப் பாட்டி முகத்தைச் சுளிப்பார். அரைக் கிலோவில் எனக்கு முப்பதுக்குச் சற்றுக் குறைவாக வரும், ஓர் ஈடு ஐந்து ஆறு நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும்.

அந்த ஊறுகாயின் பெயர் பிக்லீஸ். அது இல்லாமல் அக்ரா பரிமாறுவது சட்னி இல்லாமல் இட்லி வைப்பதற்குச் சமம். சிறிய முட்டைக்கோஸில் பாதியை நூல்போல் நறுக்கி, இரண்டு கேரட்டைத் துருவி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை வட்டமாக அரிந்து போடுங்கள். மூன்று ஸ்காட்ச் பானட் மிளகாயைக் கையுறை போட்டுக்கொண்டு அரிந்து சேருங்கள். ஆறேழு கிராம்பு, பத்து மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சையின் சாறு, காய் மூழ்கும் அளவு வெள்ளை வினிகர். கண்ணாடிச் சாடியில் அழுத்தி மூடி, குறைந்தது ஒரு நாள் விட்டுவிடுங்கள், மூன்றாம் நாள் இன்னும் நன்றாக இருக்கும். எண்ணெய் சேராத ஊறுகாய் என்பதால் பொரித்த பண்டத்தின் கனத்தை அது வெட்டிவிடும். குளிர்பெட்டியில் பல வாரம் கெடாது. சாடியில் மிஞ்சும் காரமேறிய வினிகரைக் கொட்டிவிடாதீர்கள், பொரித்த மீன்மேல் தெளிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

அடுப்பங்கரை எழுதியது:

கிராம்பு போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாயை இன்றே போட்டுவிட்டேன், அக்ரா கிடைக்காவிட்டாலும் வாழைக்காய் பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்வேன்.

பனிநகரவாசி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை நான்காம் முறை செய்தேன், நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கடையில் மலாங்கா என்ற அட்டையின் கீழ் இரண்டு வகைக் கிழங்கும் கலந்தே கிடந்தன. தோட்டக்காரன் ஐயா சொன்னபடி நீண்டதாகவும் தோல் திட்டுத்திட்டாக உரிந்ததாகவும் பார்த்துப் பொறுக்கி, நகத்தால் கீறியும் பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். வீட்டில் தோல் சீவி, முள்கண்களில் உரைத்தேன். விழுது முதலில் வெண்சந்தனம்போல் இருந்தது, நேரம் போகப் போக இளஞ்சாம்பலாக மாறியது. கெட்டுவிட்டதோ என்று பயந்தேன், பிறகுதான் அந்த அம்மையாரின் அக்ராவும் உள்ளே அந்நிறமாகவே இருப்பது நினைவுக்கு வந்தது. எப்பிஸ் கலந்து கடிகாரத்தைப் பார்த்து எட்டு நிமிடம் அடித்தேன். ஆறாவது நிமிடமளவில் வெண்கலப்பானை சொன்ன ஓசை மாற்றம் எனக்கே கேட்டது. அதுவரை சளக் சளக் என்றிருந்தது மந்தமாகி, கரண்டியை விழுது பிடித்து இழுத்தது. மாவு, முட்டை, பேக்கிங் பவுடர் எதுவும் போடவில்லை.

முதல் ஈட்டில் அவசரப்பட்டு எண்ணெய் காயுமுன் போட்டதால் நான்கு வீணாயின. அடுத்த ஈடுகள் சரியாக வந்தன. ஒருவருக்கும் தொண்டை கமறவில்லை. பிக்லீஸை என் கணவர் முதலில் சம்பல் என்று நினைத்து வாய் நிறைய எடுத்துவிட்டார், அதைப் பற்றி மேலும் எழுதுவது அவருக்கு அழகல்ல.

மறுநாள் ஒரு டப்பாவில் அந்த அம்மையாரிடம் கொண்டுபோனேன். ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்தார், மோந்தார், மென்றார். "லி மன்கே செல்" என்றார், உப்புக் குறைவு என்று பொருள். பிறகு, கராம்பை நான் பிக்லீஸில் மட்டுமா போட்டேன், விழுதிலும் போட்டேனா என்று கேட்டார். அவருடைய எப்பிஸில் இரண்டு கராம்பு இடித்துப் போடுவாராம். அதை அவர் இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

உப்புச்சட்டி எழுதியது:

கிராம்பு எங்கே வருகிறது என்று நானும் குறித்துக்கொண்டேன். மிஞ்சியதை எப்படி வைக்கிறீர்கள்? விழுதாகக் குளிர்பெட்டியில் வைத்தால் எனக்கு மறுநாள் நீர் விட்டுவிடுகிறது.

பனிநகரவாசி எழுதியது:

விழுதை நான் வைப்பதில்லை. எல்லாவற்றையும் இளஞ்சிவப்பாகப் பொரித்து, ஆறவிட்டு, உறைபெட்டியில் போட்டுவிடுகிறேன். வேண்டும்போது உறைந்தபடியே சூடான எண்ணெயில் ஒருமுறை விட்டெடுத்தால் ஏறக்குறைய புதிதுபோல் இருக்கிறது. மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், தோல்போல் ஆகிவிடும்.